ஜிம்னிக்கு பொலிரோ சைஸ்: 215/75 ஆர்15 டயர் போட்டு மலையில் ஓட்டிப் பார்த்த கதை

மாருதியின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னிக்கு டயர் மாற்றப் போகிறவர்கள், டயர் கடைக்குள் நுழைவதற்கு முன் பொலிரோ ஓட்டுகிற ஒருவரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. எனக்கு வழி சொன்னவர் திண்டுக்கல் மாவட்டத்துப் பெரும்பாறையில் வாடகை ஜீப் ஓட்டுகிறவர். "அக்கா, கண்ணுக்குப் பிடிச்ச சைஸைப் பாக்காதீங்க. வத்தலக்குண்டுல ராத்திரி எட்டு மணிக்கும் கெடைக்கிற சைஸைப் பாருங்க" என்றார். அவர் சொன்ன சைஸ் 215/75 ஆர்15. பொலிரோவுக்குக் கம்பெனியே போட்டுக் கொடுப்பது அதுதான். எங்கள் பக்கம் பத்து வண்டி ஓடினால் அதில் பாதி பொலிரோவாக இருக்கும். அதனால் டயர் கடைக்காரர் இந்த அளவை ஸ்டாக் வைக்காமல் பிழைக்க முடியாது.

ஜிம்னியோடு வருவது 195/80 ஆர்15. நல்ல அளவுதான், ஆனால் அடிவாரக் கடைகளில் கேட்டால் "சொல்லி வச்சு வரவழைக்கணும்" என்பார்கள். ஐப்பசியில் பக்கவாட்டில் கிழிந்த டயரோடு மலையில் நிற்கும்போது அந்தப் பதில் ஒன்றுக்கும் உதவாது.

என் ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே சொல்வதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறி, தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போய் வருவதுதான் முக்கால்வாசி வேலை. தார் ரோடு முடிந்த பிறகு தோட்டப் பாதை. வெயில் காலத்தில் அதில் ஸ்கூட்டரே போகும். காப்பிப் பழம் பறிக்கும் நாளும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வரும்போது அதே பாதை வழுக்குச் சேறு, நடுவே துருத்திக்கொண்டிருக்கும் பாறை, ஓரத்தில் ஓடை என்று ஆகிவிடும். ஆக, எனக்கு வேண்டியது கொண்டை ஊசி வளைவில் பயமில்லாமல் திரும்பவும், கடைசிக் கொஞ்ச தூரத்தில் சிக்காமல் ஏறவும் ஒரு டயர். படம் எடுத்துப் போடுவதற்கான வண்டி அல்ல.

இனி கணக்கு. 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 215-இல் 75 சதவீதம் 161 மில்லிமீட்டர் சொச்சம். மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, அதோடு டயர் உட்காரும் 15 அங்குல டிஸ்க்குக்கு (வீல் ரிம்முக்கு) 381. மொத்த உயரம் 703 மில்லிமீட்டர் சொச்சம். பழைய 195/80-க்கு இதே கணக்கு 693. வித்தியாசம் பத்து மில்லிமீட்டர்தான், அதிலும் வண்டிக்கு அடியில் கிடைப்பது பாதி. "இத்தனை செலவு பண்ணி அஞ்சு மில்லிமீட்டரா?" என்று என் மகன் சிரித்தான். 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள வண்டிக்கு அது ஒன்றுமில்லைதான். ஆனால் நான் உயரத்துக்காக மாற்றவில்லை. தரையில் பதியும் அகலம், டயர் மேல் கட்டைகட்டையாக நிற்கும் பட்டனின் ஆழம், தடித்த பக்கச் சுவர், இவைதான் எனக்கு வேண்டியவை.

உயரம்தான் வேண்டும் என்றால் 235/75 ஆர்15 இருக்கிறது. அது 733 மில்லிமீட்டர், அடியில் 20 மில்லிமீட்டர் கூடும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் முழு அச்சு. வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் கிட் போட்டால் பாடிதான் உயரும், அச்சில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்க டயரால் மட்டுமே முடியும். ஆகவே 235 போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் முன் பம்பரின் உள்பக்கம் உரசும், வெட்ட வேண்டும் அல்லது லிஃப்ட் போட வேண்டும். கம்பெனி டிஸ்க்கின் அகலம் ஐந்தரை அங்குலம், 235-க்குக் குறைந்தது ஆறு வேண்டும், ஆகவே டிஸ்க்கும் மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டயர் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் பெரிதாவது எல்லா கியரையும் ஆறு சதவீதம் இழுவை குறைந்ததாக ஆக்குவதற்குச் சமம். 1.5 லிட்டர் எஞ்சின், 134 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), அதுவும் எஞ்சின் 4000 ஆர்பிஎம்மில் சுற்றும்போதுதான். ஆள் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் ஏற இப்போதே யோசிக்கிற வண்டிக்கு அந்த ஆறு சதவீதம் பெரிய பாரம். 215-இல் இந்த இழப்பு ஒன்றரை சதவீதம்தான்.

மதுரையில் முதலில் போன கடையில் இந்தக் கணக்கை யாரும் கேட்கத் தயாராக இல்லை. விலையைக்கூட என்னிடம் சொல்லவில்லை, கூட வந்த கொழுந்தனாரிடம் சொன்னார்கள். அவருக்கு கார் ஓட்டவே தெரியாது. அங்கே எடுத்துக் காட்டியது எட்டு அங்குல அகல அலாய் டிஸ்க், ஆஃப்செட் மைனஸ் 19. (போல்ட் போடும் முகம் டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். மைனஸ் என்றால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்.) "சும்மா சிங்கம் மாதிரி நிக்கும் மேடம்." கம்பெனி டிஸ்க் ஐந்தரை அங்குலம், ஆஃப்செட் பிளஸ் 5. இரண்டையும் கழித்துக் கூட்டிப் பார்த்தால், சக்கரத்தின் வெளி விளிம்பு ஒவ்வொரு பக்கமும் ஐந்தரை சென்டிமீட்டர் வெளியே துருத்தும். வீல் பேரிங்குக்கும், முன் சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள கிங்பின் பேரிங்குக்கும் சுமை கூடும். குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறும். முன்பக்கம் முழு அச்சுள்ள வண்டிகளில் ஒரு வேகத்தில் ஸ்டீயரிங் கிடுகிடுவென ஆடும் தொல்லை உண்டு, அதற்கு இது தூபம் போடும். போதாக்குறைக்கு, சேறு முழுதும் கதவிலும் கண்ணாடியிலும் வந்து அடிக்கும். சிங்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

டிஸ்க் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் குறித்துக்கொள்ள: ஐந்து போல்ட், பிசிடி, அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 139.7 மில்லிமீட்டர் (பழைய ஜிப்ஸிக்கும் இதுவே), நடுத் துளை 108 மில்லிமீட்டர். ஆறு அங்குல அகலம், ஆஃப்செட் பூஜ்யம் என்றால் விளிம்பு 11 மில்லிமீட்டர்தான் வெளியே வரும், வண்டிக்கு நோகாது. நடுத் துளை பெரிதாக இருந்து போல்ட்டு மட்டும் சக்கரத்தைத் தாங்குகிற மாதிரி இருந்தால் வாங்காதீர்கள். நான் கம்பெனி டிஸ்க்கையே வைத்துக்கொண்டேன். 215/75-க்கு ஐந்தரை அங்குலம் கீழ் எல்லை. டயர் கொஞ்சம் உருண்டையாக உட்காரும், ஆனால் பொருந்தும்.

வேலை நடந்தது திண்டுக்கல் பைபாஸில் ஒரு சின்னக் கடையில். யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி எடுத்தேன். ஏ/டி என்றால் ஆல் டெரெய்ன், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி இருக்கும், முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்பது. நான் கேட்பதற்கு முன்பே கடைக்காரத் தம்பி ஐந்து டயரையும் உருட்டி அதைக் காட்டினார். லோடு இண்டெக்ஸ் 100, அதாவது டயருக்கு 800 கிலோ. பழையதற்கு 96, 710 கிலோ. பேலன்சிங், அலைன்மென்ட் முடித்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஒரு சக்கரத்தைக் கல் மேல் ஏற்றி, உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார். எங்கும் உரசவில்லை.

ஐந்து டயர் என்றேனே, அதில் ஸ்டெப்னியும் சேர்த்தி. நான்கு வாங்கிவிட்டுப் பழையதைப் பின்கதவில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஃபோர் வீலில் போட்டால் ஜிம்னியின் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் அளவு மாறினால் கியர் பெட்டிக்குள் முறுக்கு ஏறும்.

தார் ரோட்டில் முதலில் தெரிந்தது ஸ்டீயரிங்கின் மெத்தனம். வண்டி திரும்ப அரை நொடி யோசிக்கிறது. பக்கச் சுவர் தடிப்பதால் குழிகளின் அடி குறைந்திருக்கிறது, அதே காரணத்தால் வளைவில் கொஞ்சம் சாய்வு கூடியிருக்கிறது. ஏ/டி பட்டனுக்கே உரிய சத்தம் எண்பதுக்கு மேல் கேட்கும், மலையில் எண்பதுக்கு வேலையே இல்லை. மைலேஜ் மலை ஏற்ற இறக்கத்தில் 13 கொடுத்தது 12 ஆனது. டயரின் எடையும் அகலமும் அந்த ஒரு கிலோமீட்டரைத் தின்கின்றன. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட ஒன்றரை கிலோமீட்டர் வேகமாகப் போகிறீர்கள். பொதுவாக மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் அது கவலைப்படும் அளவு அல்ல.

தோட்டப் பாதையில்தான் காசுக்கு வேலை தெரிந்தது. நனைந்த பாறை மேல் முன்பு சக்கரம் சர்ரென்று சுற்றும், இப்போது கடித்துக்கொண்டு ஏறுகிறது. லோ ரேஞ்ச் (இழுவை கூட்டும் மெதுவான கியர் வரிசை), முதல் கியர், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டாலே போதும் என்கிற இடங்கள் கூடியிருக்கின்றன. சேற்றில் இறங்குவதற்கு முன் காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைத்துக்கொள்கிறேன். டயர் பரந்து பதிகிறது, பிடி இன்னும் கூடுகிறது. வெளியே வந்ததும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றிவிட வேண்டும், சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே கிடக்கிறது. குறைந்த காற்றோடு தார் ரோட்டில் மலை இறங்குவது ஆபத்து.

ஒட்டுக் களிமண் மட்டும் எந்த ஏ/டி டயருக்கும் அடங்காது. பட்டன் இடைவெளி அடைத்துக்கொண்டதும் டயர் மொழுக்கென்று ஆகிவிடும். அதற்கு எம்/டி (மட் டெரெய்ன், சேற்றுக்கான டயர்) வேண்டும், ஆனால் எம்/டியோடு நனைந்த தாரில் கொண்டை ஊசி இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஓடையோரக் களிமண்ணுக்கு இரண்டு பலகையும் ஒரு கயிறும் வைத்திருக்கிறேன்.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதனால்தான் சக்கரம் வெளியே துருத்தும் மாற்றங்களிலிருந்து விலகியே நிற்கிறேன். டயர் அளவு மாறியதை இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்தும் வைத்தேன். வாரன்டி உள்ளவர்கள் சர்வீஸ் சென்டரில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. அதிகம் தேயாத பழைய டயர்களைக் கடையே எடுத்துக்கொண்டு பில்லில் கழித்தது. தேயாமல் இருக்கும்போதே மாற்றினால்தான் அந்தக் கழிவு கிடைக்கும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் கம்பெனி டயர் தேயும்வரை ஓட்டுங்கள், இந்த மாற்றத்தால் மைலேஜ் குறைவதைத் தவிர உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.