கண்டி ஏரிக்கரையில் "உங்கள் ஹோட்டல் சமையற்காரன்" என்று ஒருவர் வந்தால்

கண்டிக்குச் சாப்பாட்டுக்காகவே போக நினைப்பவர்கள், அதுவும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே நாளில் இலங்கைப் பணம் 82,000 ரூபாய்க்கு மேல் இழந்தோம். இந்தியப் பணத்தில் 23,000 ரூபாய்க்கு மேல் வரும். பணம் போனதைவிட, என் அம்மாவின் ஆசையை வைத்தே அவரை ஏமாற்றியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் வேலூர்க்காரர்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர்கள் 1815இல் பிடித்து, பிறகு எங்கள் ஊர்க் கோட்டையில்தான் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்துபோனார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் 1807இல் வயல்வெளிக்குக் குறுக்கே அணை கட்டி உண்டாக்கியதுதான் கண்டி ஏரி. அந்த ஏரியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் என் கணவருக்கும் சாப்பாடுதான் குறி. பலாப்பிஞ்சில் செய்யும் பொலோஸ் கறி, தேங்காய்ச் சம்பல், பாலப்பம், எருமைத் தயிரில் கித்துள் பாணி என்ற பாகை ஊற்றிச் சாப்பிடுவது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தோம். அம்மா அறுபத்தெட்டு வயதிலும் புதிதாக ஒரு குழம்பு சாப்பிட்டால் அதில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு வீட்டுச் சமையலைக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். மதியம் கண்டியில் இறங்கி, சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடக்கப் போனோம். புத்தரின் பல்லை வைத்து வழிபடும் தலதா மாளிகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். நல்ல வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், நாற்பது வயது இருக்கும், எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சேர், என்னைத் தெரியலையா? மத்தியானம் ஹோட்டல்ல பார்த்தேனே. நான் அங்க சமையல்ல இருக்கிறன்" என்றார். நல்ல தமிழ். என் கணவர் உடனே நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலின் பெயரைச் சொல்லி, "அங்கேயா?" என்று கேட்டார். "ஓம் சேர், அங்கதான்" என்றார் அவர்.

அந்த இடத்தை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். ஹோட்டல் பெயரைச் சொன்னது நாங்கள். அவர் சொல்லவில்லை. வந்து இறங்கிய முதல் நாள், சமையலறையில் இருப்பவர்கள் யாரையும் நாங்கள் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் எதிரே நிற்பவர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார் என்றால், அவரைத் தெரியாது என்று சொல்ல நமக்குச் சங்கடமாக இருக்கிறதே, அந்தச் சங்கடத்தில்தான் இந்த வேலை நடக்கிறது.

இன்று விடுமுறை, சந்தைக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்றார். அம்மாவிடம், "அம்மா, உங்களுக்குச் சமையல் விருப்பமோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரம் இரண்டு பேரும் கறித்தூள் பற்றியே பேசினார்கள். கடைசியில் அடுத்த நாளுக்கு ஒரு திட்டம் சொன்னார்: காலையில் தன் அக்கா வீட்டில் சமையல் கற்றுக்கொள்ளலாம், அங்கேயே பன்னிரண்டு கறியோடு மதியச் சாப்பாடு, பிறகு கண்டிக்கு வடக்கே மாத்தளையில் மிளகு, பட்டை மாதிரி மசாலாப் பயிர்கள் வளர்க்கும் ஒரு வாசனைத் தோட்டம், எல்லாம் வேனோடு சேர்த்து மூன்று பேருக்கு இலங்கைப் பணம் 18,000 ரூபாய். சாமான் வாங்க வேண்டும் என்பதால் முழுவதையும் முன்பணமாகக் கேட்டார். கொடுத்தோம். ரசீது கேட்கவில்லை.

மறுநாள் காலை வேன் ஹோட்டல் வாசலுக்கு வரவில்லை. ஏரிக்கரைச் சாலையில் வந்து ஏறச் சொன்னார். ஹோட்டல் விதிப்படி விடுமுறை நாளில் விருந்தினர்களோடு போகக் கூடாது என்று காரணம் சொன்னார். அதையும் நம்பினோம்.

அக்கா வீடு என்று சொன்னது ஒரு கடையின் பின்பக்கம். ஏற்கனவே எல்லாம் நறுக்கி வைத்திருந்தது. ஒரு பெண் இருபது நிமிடத்தில் பருப்பும் ஒரு கத்தரிக்காய்க் கறியும் செய்து காட்டினார். இலங்கைக் கறித்தூளின் குணமே கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகத்தை நன்றாகக் கருக வறுத்து இடிப்பதில்தான் இருக்கிறது. அந்த வறுப்பின் பக்குவத்தைப் பார்க்கத்தான் அம்மா வந்தார். அவர் கேட்டபோது அந்தப் பெண் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

அப்புறம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, சாப்பாடு வேறு இடத்தில் என்றார் அந்தச் சமையற்காரர். மாத்தளை போகும் வழியில் ஒரு பஃபே உணவகம். எல்லாம் ஆறிப்போயிருந்தது. பொலோஸ் கறி இல்லை. வெளிநாட்டவர்களுக்காக உப்பு, உறைப்பு எல்லாம் குறைத்த சாப்பாடு. ஒருவருக்கு 4,500 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 18 சதவீதம் வாட் வரி, ஆக மொத்தம் 17,523 ரூபாய் எங்களிடமே வாங்கினார்கள். முன்பணத்தில் சாப்பாடும் சேர்ந்ததுதானே என்று கேட்டால், "அது வீட்டுச் சாப்பாட்டுக்குச் சொன்னது" என்றார். அவரும் டிரைவரும் பின்னால் ஒரு அறையில் சாப்பிட்டுவிட்டுப் பணம் கொடுக்காமல் வந்ததை என் கணவர் பார்த்தார்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் சாலையிலிருந்தே தெரிந்தது. ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மா கேட்டார். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே வேன் வாசனைத் தோட்டத்தில் இரண்டே கால் மணி நேரம் நின்றது.

தோட்டத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உள்ளே போனதும் ஒரு துண்டுத்தாள் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் எண் போட்ட பலகை. மூலிகை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு வெள்ளை அங்கி போட்ட ஒருவர் சுற்றிக் காட்டினார். மிளகுக் கொடி, ஜாதிக்காய், கறுவா (இலவங்கப்பட்டை) மரம் எல்லாம் உண்மையானவை. கறுவாப் பட்டை உரிப்பதைப் பார்க்க அருமையாக இருந்தது. இலங்கைக் கறுவா காகிதம்போல மெல்லிய சுருள்களாக, கையால் நொறுக்கினால் உடையும். நம் ஊரில் பிரியாணிக்குப் போடும் தடிமனான பட்டை பெரும்பாலும் வேறு மரத்தினுடையது. இதையெல்லாம் கேட்கக் கேட்க அவர்மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது. நடுநடுவே "உங்களுக்கு முழங்கால் வலி இருக்கிறதா அம்மா?" என்று விசாரணை. பிறகு "பயிற்சி மாணவர்கள்" என்று இரண்டு பையன்கள் வந்து கழுத்தையும் காலையும் பிடித்துவிடுகிறார்கள். இலவசம் என்று சொல்லி உட்காரவைத்து, முடிந்ததும் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று சொல்லி 3,000 ரூபாய் வாங்கினார்கள்.

கடைசியாகக் கடை. துண்டுத்தாளில் நோய்களுக்கு நேரே எந்த எண் இருக்கிறதோ, அதே எண் போட்ட குப்பிகள் அடுக்கில் இருந்தன. பெயர் இல்லை, எண் மட்டும். கதவருகே வெள்ளை அங்கிக்காரர் நின்றுகொண்டார். முழங்கால் எண்ணெய் இரண்டு, ஒரு தலைமுடித் தைலம், கொஞ்சம் கறுவா, மிளகு. ரசீதில் 38,500 ரூபாய் என்று வந்தபோது, குறைக்கச் சொல்லிக் கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அட்டையில் கட்டினோம். கறுவாவும் மிளகும் அசல்தான். ஆனால் மறுநாள் கண்டிச் சந்தையில் அதே அளவு கறுவாவை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினேன். எண்ணெய்க் குப்பிகளில் தயாரித்த தேதி இல்லை, காலாவதித் தேதி இல்லை, விலையும் இல்லை. இலங்கையில் பொட்டலப் பொருள்களில் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத குப்பியை யாரும் வாங்காதீர்கள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் "சுத்தமான கித்துள் பாணி" என்று இரண்டு போத்தல் 5,600 ரூபாய். கித்துள் என்றால் நம் கூந்தற்பனை. அதன் பாளையைச் சீவி வடியும் பதநீரைக் காய்ச்சி எடுப்பதுதான் பாணி. நல்ல பாணியில் லேசான புகை வாசம் இருக்கும். இதை ஹோட்டலுக்கு வந்து திறந்தால் சர்க்கரைப் பாகு வாசம். லேபிளின் அடியில் சின்ன எழுத்தில் சீனி, தண்ணீர், சுவையூட்டி என்று போட்டிருந்தது. அதை அங்கேயே வாசிக்காதது என் தவறு.

இரவு ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அந்தச் சமையற்காரரின் அடையாளத்தைச் சொல்லி விசாரித்தோம். அப்படி ஒருவர் சமையலறையில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியமே இல்லை. "ஏரிக்கரையில யாராவது கதைச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். சுற்றுலாத் துறைக்கு 1912, விலை, பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்று இரண்டு எண்களையும் அவர்தான் எழுதிக் கொடுத்தார். போகிறவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டியே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கடைசி நாள் காலை நாங்கள் யாரையும் நம்பாமல் மத்திய சந்தைக்கு நடந்தே போனோம். சந்தைக்கு அருகே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பம், சொதி, சம்பல். அம்மா சம்பலில் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டதும் கடைக்கார அம்மா உள்ளே கூப்பிட்டு அம்மியையே காட்டினார். மாசிக்கருவாட்டைத் தட்டிப் போட்டு அரைப்பதை அம்மா அங்கேதான் பார்த்தார். மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டதற்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். வண்டி வேண்டும் என்றால் ஹோட்டலில் சொல்லியோ பிக்மீ செயலியிலோ கூப்பிடுங்கள். சமையல் வகுப்புக்கு முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ஏரிக்கரையில் ஒருவர் உங்களைத் தெரியும் என்றால், எந்த ஹோட்டல் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

வேலூர் வந்து மூன்றாம் நாள் அந்த எண்ணெய் தடவிய இடத்தில் அம்மாவுக்குத் தடிப்பு வந்தது. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார், எங்களிடம் சொல்ல ஒரு எண்தான் இருந்தது. அட்டை ரசீதையும் குப்பிகளின் படத்தையும் சேர்த்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாத்தளைச் சாலையில் இதேபோல எண் போட்ட துண்டுத்தாளும் குப்பியும் வாங்கி வந்தவர்கள் தயவுசெய்து அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புகாராக அனுப்பலாம்.