இரண்டு மாரி கண்ட ட்ரெய்லர் தளம்

வாகனத்தின் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் கேம்பர் ட்ரெய்லரின் தளத்துக்கு முதலில் போட்டது 18 மில்லிமீற்றர் சாதாரண பிளைவூட். மேலே மூன்று பூச்சு பெயின்ற், அடியில் ஒன்றுமில்லை. இரண்டாவது மாரியிலேயே இடது சில்லுப் பக்கம் கால் வைத்தால் அமுங்கியது. கழற்றினால், ஆணி ஓட்டைகளைச் சுற்றிப் பலகை ஊறிய பாண் போலப் பிய்ந்து வந்தது. நடுப்பகுதி உறுதியாகவே கிடந்தது. சில்லு வாரியடிக்கும் தண்ணீர் ஓரத்தாலும் ஓட்டையாலும் ஏறியிருக்கிறது.

புதிய தளம் 8 அடிக்கு 4 அடி. முழு ஷீட் என்பதால் நடுவில் மூட்டு இல்லை. மேலே 6 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், கீழே 4, இடையில் 25 மில்லிமீற்றர் ஃபோம் பலகை. ஓரம் முழுக்கவும் போல்ட் இறங்கும் இடங்களிலும் மரச்சட்டம். நெல் நிறுக்கும் தராசில் 25 கிலோ காட்டியது. பழையது 30க்கு மேல். எடை குறைந்ததைவிட விறைப்புக் கூடியதுதான் எனக்குப் பெரிது. மரைன் பிளைவூட் என்றால் உக்காது என்று நினைக்க வேண்டாம். அதில் பசைதான் தண்ணீர் தாங்கும், மரம் மரம்தான்.

பலகைக்குள் ஈரம் ஏறாமல் பூசும் பிசினான ரெசின் வாங்க, திருகோணமலை உப்புவெளிப் பக்கம் வள்ளம் செய்யும் ஒருவரிடம் போனேன். வள்ளத்துக்கு அவர் பூசுவது பொலியெஸ்டர் ரெசின். "தம்பி, இதை ஃபோமில ஊத்தினா சீனி மாதிரிக் கரைஞ்சிடும்" என்றார். வெட்டின துண்டொன்றில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினார். பார்த்துக்கொண்டிருக்கவே குழி விழுந்தது. அதனால் ஃபோமைக் கரைக்காத எப்பொக்சி ரெசின்தான். காலையில் பூசியபோது, வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து பூச்சு முழுக்கக் கொப்புளம் போட்டது. சுரண்டிவிட்டு, அப்புறம் பின்னேரம் பூசினேன். சூடு தணியும்போது மரமே ரெசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சி நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளைத்தேன். சலிப்பான வேலை. இப்படிச் செய்த 14 ஓட்டைகளிலும் இன்றுவரை ஈரம் இல்லை.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று வாடைக்காற்றிலும் இழுத்துப் போயிருக்கிறேன். ஒரே இடத்தில்தான் பழுது. மேசைக் கொக்கிக்காகப் பிறகு அவசரமாக ஒரு திருகாணி ஏற்றினேன், ஓட்டையை அடைக்காமல். இந்த மாரி முடிந்து பார்த்தபோது அதைச் சுற்றி ஐந்து சதக் காசு அளவில் கறுப்பு வளையம். திருகாணியைக் கழற்றி, ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, கறுத்ததைக் குடைந்தெடுத்து நிரப்பினேன். காஸ் சிலிண்டரின் விளிம்பு மேல்பலகையில் ஒரு பள்ளமும் பதித்திருக்கிறது. அடியில் இப்போது ஒரு பலகைத் துண்டு வைக்கிறேன்.

ஒட்டியிருந்த வைனில் விரிப்பையும் உரித்துவிட்டேன். அதன் கீழே கடல் மணலும் ஈரமும் தேங்கி நின்றன. இப்போது பன்பாய் ஒன்றைச் சும்மா விரிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் உதறிக் கொடியில் போட்டால் சரி.