வேலைக்கும் கேமுக்கும் ஒரே கம்ப்யூட்டர், மூன்று மானிட்டர்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

விலை உயர்ந்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டலாம் என்று யோசிக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?" என்றுதான். எத்தனை மானிட்டர், என்ன அளவு, மேசை எவ்வளவு அகலம் என்று நான் திருப்பிக் கேட்பேன். 2023இல் என் கம்ப்யூட்டரைத் திட்டமிட்டபோது அந்த வரிசையில்தான் போனேன். திரைகளை முடிவு செய்தேன். அந்தத் திரைகளுக்கு என்ன கார்டு வேண்டும், அந்தக் கார்டுக்கு என்ன பவர் சப்ளை, அந்த வெப்பத்துக்கு என்ன அறை என்று பின்னாலிருந்து வந்தேன். இத்தனை நாள் தினமும் உட்கார்ந்து பார்த்ததில், அந்த வரிசைதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

என் வேலை கட்டடங்களுக்கு 3டி காட்சிகள் செய்வது. ஆர்க்கிடெக்ட் அனுப்பும் ரெவிட் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) மாடலை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்குக் கொண்டுவந்து, ஒளியும் மரமும் மண்ணும் அமைத்து ரெண்டர், அதாவது முடிந்த படம், எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்தால் அதே நாற்காலியில் ஃபிளைட் சிமுலேட்டர், சில நாள் கார் ரேஸ். உள்ளே இருப்பது ரைசன் 9 7950எக்ஸ்3டி புராசஸர், ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு, 64 ஜிபி டிடிஆர்5 ரேம், 1000 வாட் பவர் சப்ளை. இடம் சென்னை. ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கரண்ட்டும் வெயிலும் பற்றிப் பேசும்போது புரியும்.

திரைகளில் முதல் கேள்வி: மூன்றிலும் சேர்த்து கேம் ஆடப் போகிறீர்களா, அல்லது நடுத்திரையில் மட்டும் கேம், மற்ற இரண்டும் வேலைக்கா? இதைத் தீர்மானிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது. மூன்றிலும் ஆடுவதென்றால் மூன்றும் ஒரே அளவு, ஒரே ரெசல்யூஷனில் இருந்தால்தான் ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்த வசதி. ஒரு 4கே திரையில் கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல், அதாவது புள்ளிகள். மூன்று 4கே என்றால் இரண்டரைக் கோடி. எவ்வளவு பெரிய கார்டும் அங்கே திணறும். அதைவிட ரெசல்யூஷன் குறைந்த 1440பி திரைகள் மூன்று சேர்ந்தாலும் 1.1 கோடிதான்; ஒற்றை 4கேயைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். அதனால் ரேஸ், விமானம் என்று மூன்று திரையில் ஆடவே வாங்குகிறவர்கள் தயங்காமல் 27 இன்ச் 1440பி மூன்று வாங்கலாம்.

எனக்கு வேலைதான் முதலில். அதனால் நடுவில் 32 இன்ச் 4கே 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்ற கணக்கு), இடப்பக்கம் நிறம் சரிபார்க்க 27 இன்ச் 4கே 60 ஹெர்ட்ஸ், வலப்பக்கம் 27 இன்ச் 1440பி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினேன். மூன்றும் ஐபிஎஸ், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை. செங்குத்தாக வைக்கும் திரைக்கு ஐபிஎஸ்தான் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். விஏ, டிஎன் வகைத் திரைகளைத் திருப்பி நிறுத்தினால் இடது கண்ணுக்கு ஒரு சாயலும் வலது கண்ணுக்கு ஒரு சாயலும் தெரியும். மாலைக்குள் தலை வலிக்கும். அந்தச் செங்குத்துத் திரையில் மெயில், பிடிஎஃப் வரைபடம், ஆர்க்கிடெக்ட் அனுப்பிய குறிப்புகள் எல்லாம் முழுப் பக்கமாக நிற்கும். மூன்றில் விலை குறைந்தது அதுதான், வேலையை அதிகம் மிச்சப்படுத்துவதும் அதுதான்.

ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கேமுக்கு அதைப் போல வேறு திரை இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் என் திரையில் நாள் முழுக்க ஒரே டூல்பார் ஒரே இடத்தில் நிற்கிறது. அப்படி அசையாமல் நிற்கும் கோடுகள்தான் ஓஎல்இடியில் தழும்பாகப் பதியும். கேம் மட்டும் ஆடுகிறவர் என்றால் நானே வாங்கச் சொல்வேன்.

32 இன்ச்சில் நின்றதற்கு வரியும் ஒரு காரணம். அப்போது 32 இன்ச் வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 28. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா மானிட்டருக்கும் 18தான். இன்று திட்டமிடுகிறவர்களுக்கு அந்த எல்லைக்கோடு இல்லை. அகலத் திரைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கார்டிலிருந்து திரைக்குப் போகும் வழி. பெட்டியின் பின்னால் நாலு ஓட்டை இருக்கிறது, நாலு திரையை மாட்டிவிடலாம் என்று நினைப்பது சகஜம். 4090இல் 4கே 120 ஹெர்ட்ஸ் என்றால் நாலு திரை வரைக்கும் போகலாம். அதுவே 4கே 240 ஹெர்ட்ஸ் என்றால் கார்டைச் செய்யும் என்விடியா சொல்லும் கணக்கே இரண்டு திரைதான். மேலும் 40 வரிசைக் கார்டுகளில் இருப்பது திரையை இணைக்கும் டிஸ்ப்ளே போர்ட்டின் 1.4 பதிப்பு, 2025இல் வந்த 50 வரிசையில்தான் 2.1 வந்தது. வேகமான 4கே திரைகள் இரண்டு மூன்று வைக்கும் எண்ணம் இருந்தால் கார்டின் பெயரைவிட இந்த வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கேபிள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் இடப்பக்கத் திரை அவ்வப்போது இரண்டு விநாடி கறுத்துப் போய்த் திரும்ப வரும். டிரைவர் மாற்றினேன், போர்ட் மாற்றினேன், நிற்கவில்லை. கவனித்துப் பார்த்தால், நான் நாற்காலியிலிருந்து எழும்போதுதான் கறுக்கிறது. உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து சோதித்தேன், அதேதான். காஸ் லிஃப்ட் உள்ள நாற்காலியில் எடை ஏறி இறங்கும்போது உண்டாகும் மின் அதிர்வைச் சரியான கவசம் இல்லாத கேபிள் வாங்கிக்கொள்கிறது. இது பலரும் பதிவு செய்திருக்கும் விஷயம். சான்றளிக்கப்பட்ட, நீளம் குறைந்த கேபிளாக மாற்றியதும் நின்றுவிட்டது. ஐந்து மீட்டர் கேபிள் இருக்கட்டுமே என்று வாங்குவதைவிட, பெட்டியை மேசைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு மீட்டரில் முடிப்பது நல்லது.

மேசையை நான் கடையில் வாங்கவில்லை. 32 இன்ச் திரையின் அகலம் 28 இன்ச், 27 இன்ச்சின் அகலம் இருபத்து மூன்றரை, செங்குத்தாக நிற்பது 13 சொச்சம். கூட்டினால் ஐந்தரை அடி கிட்ட வருகிறது. ஆறு அடி நீளம், 30 இன்ச் ஆழம் என்று 19 எம்எம் பிளைவுட்டில் தச்சரை வைத்துச் செய்தோம். அவர் 24 இன்ச் ஆழம் போதும், எல்லா ஆபீசிலும் அதுதான் என்றார். "அண்ணே, டிவி மாதிரி பெரிய திரை, மூஞ்சிக்குப் பக்கத்துல வந்துடும்" என்றேன். செய்தித்தாளை விரித்துப் பிடித்துக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். மானிட்டர் ஆர்ம்களின் கிளாம்ப் பிடிக்கும் இடங்களில் மேலும் கீழும் இரும்புத் தகடு வைத்தோம். கடைகளில் வரும் துகள் பலகை மேசை ஆறேழு கிலோ திரையை ஒரே புள்ளியில் தாங்கி நிற்காது. கிளாம்ப் மெதுவாக உள்ளே அமுங்கும், திரை முன்னால் சாயும். இந்த மேசையில் இன்றுவரை ஒரு மில்லிமீட்டர் இறங்கவில்லை. கம்ப்யூட்டரின் எந்தப் பாகத்தைவிடவும் எனக்கு இதன்மேல் பிரியம் அதிகம்.

ரேம், புராசஸர் பற்றிச் சுருக்கமாக. இந்தப் புராசஸர் உட்காரும் ஏஎம்5 வகை மதர்போர்டில் நாலு இடம் இருக்கிறதே என்று நாலு ரேம் போடாதீர்கள். இந்த 7000 வரிசைப் புராசஸர்களுக்கு அவற்றைச் செய்யும் ஏஎம்டி தரும் ரேம் உத்தரவாத வேகம் இரண்டு ரேம் என்றால் 5200, நாலு என்றால் 3600. 32 ஜிபி இரண்டாக வாங்கினேன், 6000இல் நிம்மதியாக ஓடுகிறது. 7950எக்ஸ்3டியில் இரண்டு எட்டுக் கோர் கூட்டங்கள். ஒன்றின் மேல்தான் கூடுதல் கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அடுக்கு இருக்கிறது. கேம் அந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதால் ஓடுவது கேம்தான் என்று கண்டுகொள்ளும் விண்டோஸின் கேம் பாரை அணைக்கக் கூடாது. விமானத்தில் பெரிய நகரத்தின் மேல் தாழப் பறக்கும்போது இந்தக் கேஷின் அருமை தெரியும். கேம் மட்டும் என்றால் எட்டுக் கோர் உள்ள 7800எக்ஸ்3டியே போதும். ரெண்டரும் சேர்ந்தால்தான் பதினாறு கோருக்குக் கொடுத்த காசு திரும்ப வரும்.

4090இன் 24 ஜிபி நினைவகம் கேமுக்காக என்றால் வாங்கியிருக்க மாட்டேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்ட வீட்டுக்குக் காட்சி செய்தபோது தென்னை, பாக்கு, தரையெல்லாம் காய்ந்த மட்டை என்று நிரப்பினேன். காட்சி முழுக்கக் கார்டுக்குள்ளேயே அடங்கிப் பத்து நிமிடத்துக்குள் படம் வந்தது. அடங்காவிட்டால் கணினி நினைவகத்துக்குப் போய்வந்து தவழும், சில நேரம் நின்றே விடும். என் பிழைப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது கரண்ட். மூன்று திரையோடு சும்மா மெயில் பார்க்கும்போது 200 வாட், கேமில் 650 வாட் வரை வாட் மீட்டர் காட்டுகிறது. 230 வோல்ட்டில் அது மூன்று ஆம்பியர்கூட இல்லை. சாதாரண பிளக் தாங்கும். பிளக்கின் அளவைவிட எர்த் ஒழுங்காக இருக்கிறதா, சாக்கெட் தளர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது முக்கியம். வெவ்வேறு ஹெர்ட்ஸில் திரைகள் இருந்தால் கார்டின் நினைவகம் சும்மா இருக்கும்போதும் முழு வேகத்தில் ஓடலாம். நடுத்திரையை 144இலிருந்து 120க்கு இறக்கினேன். சுமார் 40 வாட் குறைந்தது. 60இன் இரட்டிப்பு என்பதால் பக்கத்துத் திரையில் வீடியோவும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆடும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். கார்டின் மின் வரம்பையும் 70 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடியது, விசிறிச் சத்தம் நன்றாக அடங்கியது.

இதெல்லாம் கஞ்சத்தனத்துக்காக இல்லை. ஒரு டன் ஏசி வெளியே தள்ளும் வெப்பம் மூன்றரை கிலோவாட். கேம் ஓடும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு கிட்ட என் கம்ப்யூட்டரே தின்றுவிடுகிறது. மே மாதம் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டர் போட்டால் உடனே தெரியும். ஏசியும் இதுவும் சேர்ந்து இரண்டு மாத ரீடிங்கை 500 யூனிட்டுக்கு மேல் தள்ளினால் குறைந்த அடுக்கின் சலுகை விலையும் போய்விடும். 575 வாட் இழுக்கும் 5090 கார்டை நினைப்பவர்கள் ஏசியையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

அப்புறம் யுபிஎஸ். இன்றைய பவர் சப்ளைகளுக்கு பேட்டரியிலும் முழு சைன் அலை தரும் யுபிஎஸ்தான் நம்பிக்கையானது. படிக்கட்டு மாதிரி அலை தரும் மலிவு வகையில் லோடு அதிகமாக இருந்தால் மாறும் நொடியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம். 1500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று அட்டையில் இருந்தாலும் தாங்கும் வாட் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள், பெரும்பாலும் 900. நடுத்திரையும் கம்ப்யூட்டரும் மட்டும் யுபிஎஸ்ஸில் இருக்கின்றன, பக்கத்துத் திரைகள் நேரடி லைனில். கரண்ட் போனால் ஃபைலைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கிறது, அது போதும்.

திரைகளை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ரேமும் கார்டும் இன்னும் சில வருடம் தாங்கும். சென்னை வெக்கையில் யுபிஎஸ் பேட்டரிதான் முதலில் தளர்கிறது. முன்பு தந்த நேரத்தில் பாதிகூட இப்போது தருவதில்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் 12 வோல்ட் பேட்டரி இரண்டை மாற்றிக்கொண்டு வர வேண்டும்.