போசியட் கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன் அவர்கள் குளத்தைப் போய்ப் பாருங்கள்

களியக்காவிளையில் தொடங்கி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் ஜெராக்ஸ் கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். "ஆஃப்ஷோர் சேஃப்டி கோர்ஸ், கையோடு சான்றிதழ், கல்ஃப் ரிக் வேலைக்கு உதவி." அப்படி ஓர் இடத்தில் 38,000 ரூபாய் கட்டி நான் வாங்கிய சான்றிதழை அபுதாபி கம்பெனி ஒரே வரி மெயிலில் செல்லாது என்று சொல்லிவிட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது, அவர்கள் பலகையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஏமாற்றும் முறை மட்டும் மாறுவதில்லை, ஆகவே அதைச் சொல்கிறேன்.

முதலில் புதியவர்களுக்கு. கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைக்கு ஹெலிகாப்டரில் போய் வேலை செய்கிறவர்களிடம் பெரும்பாலான கம்பெனிகள் கேட்பது போசியட். ஸ்காட்லாந்தில் தலைமையகம் வைத்திருக்கும் ஓபிட்டோ என்கிற அமைப்பு வகுத்த பாடத்திட்டம் அது. மேடைப் பாதுகாப்பு, ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் வெளியே வருவது, கடலில் உயிர் பிழைத்திருப்பது, முதலுதவி, தீயணைப்பு எல்லாம் இதில் வரும். வழக்கமாக மூன்று நாள். சான்றிதழ் நான்கு வருடம் செல்லும். அது முடிவதற்குள் ஃபோயட் என்கிற ஒரு நாள் பயிற்சியில் புதுப்பித்துக்கொள்ளலாம். நம் பக்கம் மாதிரி சூடான கடலுக்கு டி-போசியட் என்று ஒன்று தனியாக இருக்கிறது. உங்களுக்கு எது வேண்டும் என்பதை வேலை தரும் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், கோர்ஸ் நடத்துகிறவரிடம் அல்ல.

நான் போன இடம் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. மேனேஜர் நல்ல பேச்சுக்காரர், பாதி மலையாளம், பாதி தமிழ். "ஒரு குழப்பமும் இல்லை அண்ணா, ஓபிட்டோவுக்கு ஈக்குவலன்ட்தான். எல்லா கம்பெனியும் எடுக்கும்" என்றார். தியரி முழுக்க ஆன்லைன், பிராக்டிக்கல் அரை நாள் என்றார். இதில்தான் சூட்சுமம். தியரியை ஆன்லைனில் முடித்துவிட்டு நேரடிப் பயிற்சிக்கு மட்டும் மையத்துக்குப் போகும் முறை ஓபிட்டோவிலேயே இருக்கிறது. உண்மையான ஒன்றின் மேல் பொய்யை வைத்துப் பேசும்போது கேட்கிறவருக்கு சந்தேகம் வராது.

தீயணைப்புப் பயிற்சியில் தீயே இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு தீயணைப்பு சிலிண்டரை வரிசையாகத் தூக்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அதன் பாதுகாப்புப் பின்னைக்கூட எடுக்க விடவில்லை, திரும்ப நிரப்ப காசு ஆகுமாம். புகைக்குள் தப்பிக்கும் பயிற்சிக்கு ஜன்னலில் போர்வை கட்டிய அறைக்குள் சாம்பிராணி போட்டார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சாம்பிராணியேதான்.

அப்புறம் குளம். ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளம், ஆழம் என் நெஞ்சு வரைக்கும். ஹெலிகாப்டர் என்று அவர்கள் காட்டியது ஆங்கிள் அயர்னில் வெல்டிங் செய்த ஒரு சட்டம். அதில் நான்கு பிளாஸ்டிக் இருக்கை, ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய பெல்ட். இரண்டு பையன்கள் ஒரு பக்கமாகப் பிடித்துச் சாய்ப்பார்கள். முழுதாகத் தலைகீழாகப் புரட்டவும் முடியாது, தரை இடிக்கும். தண்ணீருக்குள் காப்பாற்ற நிற்க வேண்டிய டைவர் ஒருவரும் இல்லை. லைஃப் ராஃப்ட்டுக்குப் பதில் காற்றடித்த டியூப். லைஃப் ஜாக்கெட் சுற்றுலாப் படகில் கொடுக்கும் ஆரஞ்சு நிற ஃபோம்.

எங்கள் பேட்சில் தூத்தூர்க்காரத் தம்பி ஒருவன் இருந்தான், ஆழ்கடல் மீன்பிடிக்குப் போகிற குடும்பம். சட்டத்தைப் பார்த்ததும் என் காதில், "அண்ணே, இது எங்க வீட்டுக் கட்டில் மாதிரி இருக்கு" என்றான். அவனைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். சாய்த்ததும் பெல்ட் பக்கிள் திறக்கவில்லை. துருப்பிடித்த பக்கிள், நனைந்ததும் இறுகிவிட்டது. பிடித்திருந்த பையன்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள், சும்மா பயப்படுகிறான் என்று நினைத்து. அவன் இடுப்பை வளைத்து பெல்ட்டுக்கு அடியில் நழுவி வெளியே வந்தான். வயிற்றில் நீளமாகத் தோல் உரிந்திருந்தது. நீச்சல் தெரியாத ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்னர் சொன்னது, "அடுத்தது யாரு?"

அப்புறம் வேலைக்காகக் கொச்சியில் முறையான அனுமதி உள்ள ஒரு மையத்தில் இதே பயிற்சியை மறுபடி எடுத்தேன். அங்கே போன பிறகுதான் ஏமாந்தது பணத்தில் மட்டும் இல்லை என்று உறைத்தது. ஹெலிகாப்டருக்கு எஞ்ஜினும் கியர்பாக்ஸும் மேலே இருக்கின்றன. கனம் முழுக்கத் தலையில். தண்ணீரில் இறங்கினால் அது கவிழ்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே பயிற்சிக் கூண்டை கிரேனில் கட்டி இறக்கி, தண்ணீருக்குள் 180 டிகிரி புரட்டுகிறார்கள். ஒரு கை பெல்ட் பக்கிளில், இன்னொரு கை ஜன்னல் விளிம்பில். சுழற்சி முழுதாக நிற்கும்வரை அசையக் கூடாது. அப்புறம் ஜன்னலைத் தள்ளிவிட்டு, விளிம்பில் இருக்கும் கையை எடுக்காமல், கடைசியாகத்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முன்னதாகக் கழற்றினால் உடம்பு மிதந்து எங்கோ போய்விடும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. மூக்கு வழியே தண்ணீர் ஏறும், காது அடைக்கும், கண்ணைத் திறந்தாலும் குமிழிதான். முதல் தடவை நான் என்ன செய்தேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்தடுத்த தடவைகளில்தான் கை தானாகப் போனது. காசு கொடுத்து வாங்குவது அந்தக் கைப்பழக்கத்தைத்தான். நெஞ்சளவுத் தண்ணீரில் சட்டத்தைச் சாய்த்தால் அது வராது.

இது யாருக்கோ நடக்கிற கதையும் இல்லை. 2022 ஜூன் 28 அன்று மும்பைக்கு அப்பால் அரபிக்கடலில், எண்ணெய் ரிக்குக்குப் போன ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தது. இருந்த ஒன்பது பேரில் நான்கு பேர் இறந்தார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஓபிட்டோவின் இணையதளத்தில் அனுமதி பெற்ற மையங்களின் பட்டியல் நாடு வாரியாக இருக்கிறது. எந்த மையம் எந்தக் கோர்ஸ் நடத்தலாம் என்பதும் அதிலேயே தெரியும். பெயர் அங்கே இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈக்குவலன்ட், அஃபிலியேட்டட், இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு என்று என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். சான்றிதழில் ஹாலோகிராம் மினுக்குவதும் ஒரு பொருட்டே இல்லை. என் காகிதத்தில் இரண்டு ஹாலோகிராம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் பார்ப்பது சான்றிதழ் எண்ணை, அது ஓபிட்டோவின் பதிவில் இருக்கிறதா என்பதை. மையத்தை நேரில் பார்க்கக் கேளுங்கள். நல்ல இடத்தில் தயங்காமல் காட்டுவார்கள். தண்ணீரில் இறக்குமுன் உடல்தகுதிச் சான்றோ கையெழுத்திட்ட மருத்துவப் படிவமோ கேட்காத இடத்தை நம்பவே வேண்டாம். என்னிடம் பிரஷர் இருக்கிறதா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொரு குழப்பமும் இந்தப் பக்கம் அதிகம். கப்பல் வேலைக்கான எஸ்.டி.சி.டபிள்யூ அடிப்படைப் பயிற்சி வேறு, போசியட் வேறு. கப்பல் பயிற்சிக்கு நம் நாட்டில் அனுமதி தருவது மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம். அதற்கு இன்டோஸ் எண், அதாவது கப்பல் பணியாளராகப் பதிவு செய்து வாங்கும் எண், வேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான், ஒரே செலவில் முடிச்சுத் தரேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்டபோது மேனேஜர், "நீங்க தமிழ்நாடு, நாங்க கேரளா. கேஸ் போடணும்னா இங்க வந்து அலையணும்" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் கடை வைப்பதே இந்தத் தைரியத்தில்தான். அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நான் நாகர்கோவிலில் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையான மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

ரசீதை மட்டும் கவனமாகப் பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த ரசீதில் இன்ஸ்டிட்யூட் பெயர் இல்லை, ஏதோ டிராவல்ஸ் பெயர் இருந்தது. ஜிபேயில் பணம் போனது மூன்றாவது ஓர் ஆளின் கணக்குக்கு. அந்த ஸ்கிரீன்ஷாட்டும், வாட்ஸாப்பில் மேனேஜர் அனுப்பிய "ஓபிட்டோ ஈக்குவலன்ட்" வாய்ஸ் மெசேஜும்தான் இப்போது மனுவில் சாட்சி. தூத்தூர்த் தம்பியும் தன் மனுவைப் போட்டுவிட்டான். அந்தத் துணிக்கடை மாடியில் கோர்ஸ் முடித்தவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாட் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.