மூன்று தொடர்கள், ஒரு போர்: எதில் தொடங்கலாம்?

இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் வீட்டோடு இருந்தவர்களைப் பற்றிய குடும்ப நாவல்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமே இல்லை. தொடர் என்று ஒன்றை எடுத்தால் ஐந்து பாகம், பத்து பாகம் என்று இழுக்கும். பெரும்பாலானவை ஒரே அச்சு. 1939 செப்டம்பர் 3, ஞாயிறு காலை 11.15 மணி, ரேடியோவில் பிரதமர் சேம்பர்லைன் போரை அறிவிக்கிறார், அம்மா கைவேலையை அப்படியே போட்டுவிட்டு நிற்கிறாள். அப்புறம் இருட்டடிப்புத் திரை, ரேஷன் புத்தகம், ரயில் நிலையத்து அழுகை, கடைசிப் பாகத்தில் ஒரு கல்யாணம்.

இவற்றில் எதை எடுப்பது என்று யாராவது கேட்டால், எழுதியவருக்குப் போரின்போது என்ன வயது என்று முதலில் பாருங்கள் என்பேன். கதை நடக்கும் ஊர், குடும்பத்தின் வசதி எல்லாம் அதற்கப்புறம்தான். போரை வளர்ந்த மனிதனாகப் பார்த்தவர் ஒருவர், பதினாறு வயதில் பார்த்தவர் ஒருவர், பார்க்காமலே எழுதியவர் ஒருவர் என்று மூன்று தொடர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாமவர் ஆர். எஃப். டெல்டர்ஃபீல்ட். 1912-ல் பிறந்தவர். போரின்போது விமானப்படையில் இருந்தார். 'தி ட்ரீமிங் சபர்ப்', 'தி அவென்யூ கோஸ் டு வார்' என்ற இரண்டு பாகங்களும் 1958-ல் வந்தன. லண்டனின் தெற்கு ஓரத்துப் புறநகர்த் தெரு ஒன்றுதான் களம். முதல் உலகப்போரிலிருந்து 1919-ல் வீடு திரும்பும் ஜிம் கார்வரின் மனைவி விஷக்காய்ச்சலில் இறந்துபோகிறாள். இருப்பதோ ஏழு பிள்ளைகள், அதில் இரண்டு ஜோடி இரட்டையர். மூத்த மகள் லூயிஸ் தலையில் குடும்பம் விழுகிறது. அங்கே தொடங்கும் கதை 1947 வரை வருகிறது.

போர் தொடங்குவதற்கு முன்பே இருபது வருடம் இந்தத் தெருவில் நாம் குடியிருந்துவிடுவது இதன் பெரிய பலம். குண்டு விழும்போது எந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பது நமக்கே தெரியும். சினிமா கொட்டகையில் பியானோ வாசித்த முதிர்கன்னி, ஜாஸ் பைத்தியம் பிடித்த வாடகைக்காரன், போர் வந்ததும் கள்ளச்சந்தையில் கொழிக்கும் மளிகைக்கடைக்காரன் ஆர்ச்சி எல்லாரும் ஒரே தெரு. அந்த ஆர்ச்சி ஜிம்மின் சொந்த மகன். அப்பா சோஷலிசம் பேசுகிறவர், பிள்ளை பதுக்கல்காரன். 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சிக்கு ரேஷன் வந்தபோது இப்படி ஒரே வீட்டுக்குள் இரண்டு நியாயங்கள் எழுந்ததைப் போர் முடிந்து பதின்மூன்று வருடத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால், அதில் ஒரு சூடு இருக்கத்தான் செய்யும். 1945 ஜூலை தேர்தலில் சர்ச்சில் ஏன் தோற்றார் என்பதை வரலாற்றுப் புத்தகத்தை விட இந்தத் தெருக்காரர்களிடமிருந்து சுலபமாகப் புரிந்துகொள்ளலாம்.

குறை என்ன? பெண்கள். டெல்டர்ஃபீல்டின் பெண்கள் தாயாக இருப்பார்கள், இல்லாவிட்டால் மயக்குகிறவளாக இருப்பார்கள். நடுவில் இருக்கிறவர்கள் கொஞ்சம்தான். படுக்கையறை வாசலில் கதை இருமிவிட்டு நகர்ந்துவிடும். நடையும் பழைய நடை. ஆசிரியர் அடிக்கடி மாடியில் ஏறி நின்று தெருவைப் பார்த்து விளக்கம் சொல்வார். அது பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாமவர் எலிசபெத் ஜேன் ஹோவர்ட். 1923-ல் பிறந்தவர், போர் தொடங்கும்போது வயது பதினாறு. ஆனால் கேஸலெட் குடும்பத் தொடரின் முதல் பாகமான 'தி லைட் இயர்ஸ்' 1990-ல்தான் வந்தது. அரை நூற்றாண்டு காத்திருந்து, அறுபது வயதைத் தாண்டி எழுதினார். தொடர்ந்து 'மார்க்கிங் டைம்', 'கன்ஃப்யூஷன்', 'காஸ்டிங் ஆஃப்' என 1995-க்குள் நான்கு பாகங்கள்.

சசெக்ஸ் கிராமத்துப் பெரிய வீடு. தாத்தா, பாட்டி, மரவியாபாரம், மூன்று மகன்கள், மருமகள்கள், கல்யாணமாகாத ஒரு மகள், பேரப்பிள்ளைகள், சமையல்காரி, டிரைவர், பாடம் சொல்ல வரும் மிஸ் மில்லிமென்ட். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வீட்டுக்குள் நுழைய யாரும் வழிகாட்ட வேண்டாம். மூத்தவன் ஹியூ முதல் போரில் ஒரு கையை இழந்தவன். நடுமகன் எட்வர்ட் வெளியே இன்னொரு பெண்ணோடு குடித்தனமே நடத்துகிறான். கடைசி மகன் ரூபர்ட் 1940-ல் பிரான்ஸ் கரையில் காணாமல்போகிறான். அவன் மகள் கிளாரி, அப்பா சாகவில்லை என்று பிடிவாதமாக நம்பி, அவர் வந்ததும் படிப்பதற்காக நோட்டுப்புத்தகத்தில் வீட்டுக் கதையை எழுதிக்கொண்டே இருக்கிறாள். மற்றவர்கள் மெல்ல மெல்ல ரூபர்ட் இல்லாத உலகத்துக்குப் பழகிக்கொள்ள, அவள் மட்டும் அவர் பிரான்சில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று புதுப்புதுக் காரணங்களாகக் கண்டுபிடிப்பாள்.

எனக்கு மறக்காதது வேறொரு இடம். ஹியூவின் மனைவி சிபிலுக்குப் புற்றுநோய். தான் பிழைக்க மாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் மனம் உடையக்கூடாது என்று அவள் நடிக்கிறாள். அவள் பயந்துவிடக்கூடாது என்று அவன் நடிக்கிறான். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை மகள் பாலியிடம் யாரும் சொல்லவில்லை. நாடே விமான இரைச்சலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் நாட்களில், ஒரு பெண் சாதாரண நோயில் சாகிறாள். அதற்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை. அதுதான் இந்தத் தொடரின் துணிச்சல் என்று நினைக்கிறேன். போர் நடக்கிறது என்பதற்காக மற்ற துக்கங்கள் வரிசையில் காத்திருப்பதில்லை என்பதைப் பதினாறு வயதில் கூட இருந்து பார்த்த ஒருவரால்தான் இவ்வளவு இயல்பாக எழுத முடியும்.

அவர் காத்திருந்ததில் இன்னொரு லாபமும் உண்டு. எட்வர்ட் தன் மகள் லூயிஸிடமே எல்லை மீறுவதை, கல்யாணமாகாத மகள் ரேச்சலுக்கு இன்னொரு பெண் மேல் இருக்கும் காதலை, பிடிக்காத கர்ப்பத்தின் அலுப்பை 1958-ல் இப்படி எழுதியிருக்க முடியாது. நடிகையாக ஆசைப்பட்ட லூயிஸ் கடற்படையில் இருக்கும் ஓவியனைக் கட்டிக்கொண்டு, மகனை விட்டுக்கொடுக்காத ஒரு மாமியாரிடம் மாட்டுவாள். ஹோவர்டும் போரின் நடுவே, 19 வயதில், கடற்படையில் இருந்த ஓவியர் பீட்டர் ஸ்காட்டை மணந்தவர். அந்த மாமியார் வரும் பக்கங்களை நம் ஊர் வாசகிகள் ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள்.

இதன் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு, பணக்கார வீட்டுப் போர் என்பது. நியாயம்தான். சமையல்காரியும் தோட்டக்காரரும் இருக்கிற வீட்டில் ரேஷன் ஒரு தொந்தரவு, அவ்வளவே. 1941 ஜூனில் துணிக்கும் கூப்பன் வந்து, ஆளுக்கு வருடத்துக்கு 66 என்று அளந்தபோது ஒரு கம்பளிக் கோட்டுக்கு யோசித்து யோசித்துச் செத்த வீடுகள் வேறு.

அந்த வேறு வீடுகளுக்குப் போக மூன்றாவது தொடர் இருக்கிறது: நான்சி ரெவலின் 'தி ஷிப்யார்ட் கேர்ள்ஸ்'. முதல் பாகம் 2016-ல் வந்தது. போரை நேரில் பார்க்காத தலைமுறை எழுத்து. வடகிழக்குத் துறைமுக நகரமான சண்டர்லாந்தில், தாம்சன் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலைக்கு வரும் பெண்களின் கதை. குடும்பம் என்பது இங்கே ரத்த உறவு மட்டுமில்லை, வெல்டிங் குழுவும் ஒரு குடும்பம்தான். தலைவி ரோஸி, கணவனிடம் அடி வாங்கும் குளோரியா, பிராகிலிருந்து தப்பி வந்த யூதப்பெண் ஹன்னா.

தாம்சன் தளம் நிஜம். போருக்காக அமெரிக்கா ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்களின் மூல வடிவம் அங்கிருந்துதான் போனது. 1941 டிசம்பரில் கல்யாணமாகாத இளம் பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைக்கச் சட்டமே வந்தது. ஆனாலும் பெண்களின் உடல் உழைப்பை, தீப்பொறியை, புண்ணான கையை நடுவில் வைத்து எழுதிய குடும்பத் தொடர்கள் குறைவு. அந்த வகையில் டெல்டர்ஃபீல்டும் ஹோவர்டும் தொடாத இடத்தை இது தொடுகிறது. நாவலாசிரியை கேத்தரின் குக்சன் வளர்த்துவிட்ட வடகிழக்குப் பாட்டாளிக் குடும்பக் கதை மரபின் பிள்ளை என்றும் சொல்லலாம்.

ஆனால் எழுத்து? நம் வாரப்பத்திரிகைத் தொடர்கதை மாதிரி, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். ரோஸி பகலில் வெல்டிங், இரவில் ஒரு விபச்சார விடுதியில் வேலை. எல்லாம் தங்கையின் பள்ளிக் கட்டணத்துக்காக. கெட்டவன் முதல் பக்கத்திலேயே கெட்டவன். பெண்கள் பேசிக்கொள்வதில் சில இடங்களில் 1940 தெரியவில்லை, இன்றைய ஆறுதல் பேச்சுதான் கேட்கிறது. விறுவிறுப்பு வேண்டுமென்றால் தாராளமாகப் படிக்கலாம். மூன்று பாகத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

ஒரே ஒரு தொடருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் கேஸலெட். தெரு, கடை, அரசியல், ஆண்களின் வேலை என்று ஊர் முழுக்கப் பார்க்க ஆசை என்றால் டெல்டர்ஃபீல்ட். அதிலும் முதல் பாகத்தைத் தாண்டிவிட்டு நேராகப் போர்ப் பாகத்துக்குப் போகாதீர்கள், ஆட்களே பிடிபட மாட்டார்கள். ஆங்கிலத்தில் நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்கள் ரெவலில் தொடங்கலாம், வாக்கியங்கள் சிறியவை. கேஸலெட்டில் முதல் நூறு பக்கம் பெயர்க் குழப்பம் வரும். புத்தகத்தின் முன்னால் இருக்கும் குடும்ப மரத்தை செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2013-ல் ஐந்தாவதாக 'ஆல் சேஞ்ச்' என்று ஒரு பாகம் வந்தது. அது ஐம்பதுகளில் நடப்பது, போர் அதில் இல்லை. நான்காவது முடிந்ததும் அந்த ஆட்களைப் பிரிய மனமில்லாவிட்டால் மட்டும் வாங்குங்கள்.