செவ்வாய் இரவு, பாதி வெறுமையான ஸ்டேடியம்: ஈஎஃப்எல் டிராபிக்குப் போகலாமா?

பிள்ளைகளைக் கால்பந்து பார்க்க ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போக ஆசை, ஆனால் பிரிமியர் லீக் டிக்கெட் கிடைப்பதுமில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்று தெற்கு லண்டனின் டூட்டிங் பக்கத்தில் யாராவது கேட்டால், செவ்வாய் இரவு ப்ளவ் லேனுக்குப் போங்கள் என்பேன். ஏஎஃப்சி விம்பிள்டன் கழகத்தின் மைதானம் அது. ஹேடன்ஸ் றோட் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

அக்காவின் மகனோடு நான் அங்கே பார்த்தது ஈஎஃப்எல் (இங்கிலிஷ் ஃபுட்பால் லீக்) டிராபியின் குழுநிலை ஆட்டம். இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் நிலை லீக் கழகங்களுக்கென்று இருக்கும் கிண்ணம் இது. 2016 முதல் பெரிய கழகங்களின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகளையும் இதில் சேர்த்துக்கொண்டார்கள். லீக் கழகங்கள் 48, அழைக்கப்படும் இளையோர் அணிகள் 16. குழுவுக்கு மூன்று கழகங்களும் ஓர் இளையோர் அணியும். சமநிலையில் முடிந்தால் தண்ட உதை (பெனல்டி), அதில் வென்றவருக்கு மேலதிகமாக ஒரு புள்ளி. எங்களுக்கு அதுவும் பார்க்கக் கிடைத்தது. பெடியனுக்கு அந்த இரவில் பிடித்ததே அதுதான்.

காசு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகவில்லை. முன்கூட்டியே அடித்துப்பிடித்து வாங்கவும் தேவையில்லை. ஒன்பதாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் கூட்டம் அங்குமிங்குமாக இருந்ததால் மைதான எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். பயிற்றுநர் கத்துவது, கோல் காப்பாளர் பின்கள வீரர்களைத் திட்டுவது, பந்து தலையில் படும் சத்தம் எல்லாம் கேட்கிறது. தொலைக்காட்சியில் இதெல்லாம் கிடைக்காது. இன்னொரு கழகத்தின் மைதானத்தில் இதே போட்டிக்குப் போனபோது ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, தேத்தண்ணி விற்க ஒரேயொரு ஜன்னலை வைத்திருந்தார்கள். இடைவேளை முழுக்க வரிசையில் போய்விட்டது. அதனால் போகும் இடத்தைப் பார்த்துப் போங்கள்.

ஆட்டம் எப்படி? பெரிய கழகத்துப் பிள்ளைகள் பந்தை வாங்கித் திருப்பும் அழகே தனி. முதல் அரைமணி நேரம் அவர்கள் காலிலேயே பந்து. பிறகு முப்பது வயது தாண்டிய பின்கள வீரர் ஒருவர், அவர்களின் மெலிந்த முன்கள வீரனைத் தோளால் ஒரு இடி இடித்தார். நடுவர் விசில் ஊதவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே பையன் வரவில்லை. ஆட்டம் அங்கேதான் திரும்பியது. இந்தப் போட்டியால் இளையோருக்குக் கிடைக்கும் பாடம் இதுதான், அது நல்ல பாடமும்கூட. இங்கிலாந்து அணிக்கு ஆடிய கோல் பாமர் (Cole Palmer), புகாயோ சாகா போன்றவர்கள் எல்லாம் இந்தக் கிண்ணத்தில் இப்படி அடிவாங்கி வளர்ந்தவர்கள்தான். ஆனால் யாருடைய பெயர் நாளை பெரிதாகும் என்று அன்றிரவு தெரியாதே. "மாமா, இதில ஒருத்தரையும் எனக்குத் தெரியாது" என்று மருமகன் முதல் பத்து நிமிடமும் முறைத்துக்கொண்டிருந்தான். மார்பில் பெரிய கழகத்தின் சின்னம் இருந்தால் போதும் என்று நினைத்து வந்தவன் அவன்.

சரி, எனக்கு உறுத்துவது வேறு. தங்கள் பிள்ளைகளுக்கு அனுபவம் வேண்டும் என்று பெரிய கழகங்கள் வருகின்றன. ஆனால் சின்னக் கழகம் தன் பிள்ளைகளை இறக்கினால் அபராதம்! முதல் பருவத்திலேயே தொடக்கப் பதினொருவரில் ஐந்து பேராவது முதலணி வீரர்களாக இருக்கவேண்டும் என்று விதி வைத்தார்கள். லூட்டன் டவுன் தன் இளையோரை நம்பி இறக்கியது, ஆட்டங்களில் வென்றும் காட்டியது, அப்படியும் 15,000 பவுண் அபராதம் கட்டியது. பிராட்ஃபோர்ட் சிட்டி செய்தது இன்னும் வேடிக்கை. 2016 நவம்பரில் பெரி (Bury) கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் கோல் காப்பாளர் கொலின் டோய்லைத் தொடக்க அணியில் போட்டு, மூன்றாவது நிமிடத்திலேயே வெளியே எடுத்தார்கள். விதிப்படி கணக்குச் சரி. பிறகு விதியைத் தளர்த்தி நான்கு பேர் என்று ஆக்கினார்கள், கோல் காப்பாளரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்றும் சொன்னார்கள்.

இதனால்தான் ரசிகர்கள் பலர் அன்று முதல் குழுநிலை ஆட்டங்களைப் புறக்கணிக்கிறார்கள். அவர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. 2014 இல் எஃப்ஏ எனும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராயிருந்த கிரெக் டைக்கின் குழு, பெரிய கழகங்களின் 'பி' அணிகளையும், அதாவது இரண்டாம் அணிகளையும், சேர்த்துப் புதிதாக ஒரு லீக்கே தொடங்கலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. கிண்ணத்தில் அனுமதித்தால் அடுத்தது லீக்தான் என்ற சந்தேகம் அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை. அதுவும் விம்பிள்டன் ஆட்களிடம் இதைப் பேசிப் பாருங்கள். தங்கள் பழைய கழகத்தை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தபோது, 2002 இல் தாங்களே புதிதாக ஒன்றைத் தொடங்கி, ஒன்பதாம் நிலையிலிருந்து ஏறி, 2020 இல் ப்ளவ் லேனுக்குத் திரும்பியவர்கள். பணக்காரக் கழகத்தின் மூன்றாவது அணி வந்து தங்கள் ஊரில் பயிற்சி எடுப்பதை அவர்கள் எப்படி ரசிப்பார்கள்?

ஆனாலும் கழகங்கள் தலையாட்டுவதற்குப் பணம் ஒரு காரணம். குழுநிலையில் ஒரு வெற்றிக்கு 10,000 பவுண் என்பது நான்காம் நிலைக் கழகத்துக்குச் சின்னத் தொகை அல்ல. பிறகு இறுதி ஆட்டம் நடக்கும் வெம்ப்ளி தேசிய மைதானம். 2018 இல் அரையிறுதி வரை வந்த செல்சி இளையோரை லிங்கன் சிட்டி தண்ட உதையில் அனுப்பிவைத்து, இறுதியில் ஷ்ரூஸ்பரியையும் வென்றது. அடுத்த ஆண்டு போர்ட்ஸ்மத், சண்டர்லாண்ட் இறுதிக்கு வந்தவர்கள் 85,021 பேர். குழுநிலையில் வெறும் இருக்கைகளைப் பார்த்தவர்களுக்கு இது அதே போட்டிதானா என்று சந்தேகம் வரும்.

என் மதிப்பெண்: மாலைப்பொழுதுக்கு ஐந்தில் நான்கு, போட்டியை வடிவமைத்த விதத்துக்கு ஒன்றரை. எட்டு, பத்து வயதுப் பிள்ளை இருந்தால் போங்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் என்பதால் தண்ட உதை வரை இழுத்தால் வீட்டுக்காரியிடம் ஏச்சு வாங்க ஆயத்தமாக இருங்கள். இரவு நன்றாகக் குளிரும், தடித்த ஜாக்கெட் வேண்டும். எந்தக் கழகத்தின் இளையோர் வருகிறார்கள் என்று பார்த்து டிக்கெட் வாங்காதீர்கள், அது அவ்வளவு முக்கியமில்லை. கிண்ணத்தை விட்டு கழகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் சனிக்கிழமை மூன்று மணிக்குப் போங்கள், விலை கூடத்தான். மருமகன் அடுத்ததாக அதற்குத்தான் கேட்டிருக்கிறான்.