‘பின்னிங் உடைத்துவிட்டோம்’ என்று ஒரு படத்தைக் காட்டினால் காசு கட்டாதீர்கள்

கொழும்பில் மொபைல் செயலிக்குப் பாதுகாப்புச் சோதனை செய்ய ஆள் தேடுகிறீர்கள் என்றால், முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள். பின்னிங் என்பது, குறித்த சேர்வர் சான்றிதழை மட்டுமே செயலி நம்பும்படி வைக்கும் பூட்டு. அதைத் தாண்டினால்தான் சோதிப்பவரால் செயலிக்கும் சேர்வருக்கும் இடையே போகும் தரவைப் பார்க்க முடியும்.

செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றின் மாதச் சேமிப்புத் திட்டத்துக்கான அன்ட்ரொய்ட் செயலி, கூகுளின் ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில் எழுதியது. ஃப்ரிடா என்ற கருவியை வைத்து, செயலி ஓடும்போதே ஹூக் போட்டு (அதன் ஃபங்ஷன்களை இடைமறித்து) சோதித்துத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு நாலரை இலட்சம் ரூபாய்க்கு வேலை கொடுத்தோம். வந்த அறிக்கை 64 பக்கம். அதில் 58 பக்கம், செயலியை நிறுவும் ஏபிகே கோப்பைப் போட்டால் இலவச ஸ்கேனர் தானாகவே தயாரித்துத் தரும் பட்டியல். ஹூக் போட்டதற்கு ஆதாரமாக இருந்தது ஒரேயொரு ஸ்க்ரீன்ஷொட்.

அந்தப் படத்தை வடிவாகப் பாருங்கள். இடப்பக்கம் டெர்மினல்: ‘ஓகேஎச்டிடிபி பின்னிங் ஹூக் ஏற்றப்பட்டது’ என்று பொருள்படும் ஒரு வரி. ஓகேஎச்டிடிபி என்பது அன்ட்ரொய்டின் ஜாவா பக்கத்தில் இணையத்தோடு பேசும் நூலகம். அந்த வரி எல்லோரும் இறக்கிப் பாவிக்கும் பொது ஸ்கிரிப்டில் உள்ள வரி. ஹூக்கைப் பொருத்தியவுடனேயே அது அச்சாகிவிடும். செயலி அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டதா இல்லையா என்பதற்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை. உண்மையிலேயே கூப்பிட்டிருந்தால், எந்த ஹோஸ்டுக்கான சான்றிதழ்ச் சோதனை தாண்டப்பட்டது என்று ஹோஸ்ட் பெயரோடு இரண்டாவது வரி ஒன்று வந்திருக்க வேண்டும். படத்தில் அது இல்லை. வலப்பக்கம், செயலியின் போக்குவரத்தை இடையில் நின்று காட்டும் ப்ரொக்சி: பதினொரு கோரிக்கைகள், பதினொன்றும் செயலி விழுந்தால் அறிக்கை அனுப்பும் சேவைக்குப் போனவை. கடையின் சேர்வர் பெயர் ஒரு வரியிலும் இல்லை. லொகின் கோரிக்கையைக்கூட அவர்கள் கண்ணால் காணவில்லை. ஆனால் அறிக்கையில் ‘பின்னிங் முறியடிக்கப்பட்டது, அபாயம்: உயர்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

காரணம் எளிது. ஃப்ளட்டரில், அதன் மொழியான டார்ட்டில் எழுதும் குறிமுறை ‘லிப்ஆப்’ என்ற நேட்டிவ் நூலகமாக முன்கூட்டியே தொகுக்கப்பட்டுவிடும். இணைப்பை மறைகுறியாக்கிச் சான்றிதழைச் சரிபார்க்கும் டிஎல்எஸ் வேலையைச் செய்யும் போரிங்எஸ்எஸ்எல் ‘லிப்ஃப்ளட்டர்’ நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. வழமையான டார்ட் எச்டிடிபி கிளையன்ட் ஜாவா பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு பிளகின் ஓகேஎச்டிடிபியை இழுத்து வந்திருந்தால் கிளாஸ் இருக்கும், ஹூக்கும் ஏறும், ஆனால் கடையின் தரவு அந்த வழியால் போகாது. அதோடு டார்ட், போனில் வைத்த வைஃபை ப்ரொக்சியை மதிக்காது. ரூட் செய்த (முழு நிர்வாக உரிமை திறந்த) போனில் ஐபிடேபிள்ஸ் என்ற வலையமைப்பு விதி போட்டோ விபிஎன் வழியாகவோ போக்குவரத்தைத் திருப்ப வேண்டும். பிறகு ‘லிப்ஃப்ளட்டர்’ உள்ளே சான்றிதழ்ச் சங்கிலியைச் சரிபார்க்கும் ஃபங்ஷனை பைட் வடிவத்தை வைத்துத் தேடிப் பிடித்து, அது திருப்பித் தரும் பெறுமதியை 1 ஆக்க வேண்டும். ஃப்ளட்டர் பதிப்பு மாறினால் அந்த வடிவம் மாறலாம். ஏஆர்எம்64 போனுக்குப் பொருந்துவது எக்ஸ்86 எமுலேட்டருக்குப் பொருந்தாது. தெரிந்தவருக்கே அரை நாள் பிடிக்கக்கூடிய வேலை. அதை ஒரு பொது ஸ்கிரிப்டை ஓட்டி முடித்துவிட்டோம் என்பது நம்பக்கூடிய கதை அல்ல.

இதன் விளைவுதான் எங்களைக் கொதிக்க வைத்தது. பிறகு வேறொருவர் ஒழுங்காகப் போக்குவரத்தைத் திறந்து பார்த்தபோது, கோரிக்கையில் உள்ள அங்கத்தவர் இலக்கத்தை மாற்றினால் இன்னொருவரின் தவணைக் கணக்கு அப்படியே வந்தது. பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கட்டிய காசு எல்லாம். இது சேர்வரில் இருந்த ஓட்டை. முதல் நிறுவனம் ஒரு கோரிக்கையையாவது பார்த்திருந்தால் ஒரே மணித்தியாலத்தில் அகப்பட்டிருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில், நம்பிக்கை வைத்துக் கடைக்கு வரும் சனத்தின் விபரத்தை இப்படித் திறந்து விட்டுவிட்டு ‘சோதித்தாயிற்று’ என்று சான்றிதழ் கொடுப்பது பெரிய அநியாயம்.

அடுத்தது கைரேகைப் பூட்டு. அறிக்கை அதற்குப் பச்சைக் குறி போட்டிருந்தது. செயலியோ கைரேகை பிளகின் ‘ஆம்’ என்று சொன்னவுடன் கதவைத் திறந்துவிடும் வகை. உறுதிப்படுத்தல் வெற்றி என்று செயலிக்குச் சொல்லும் ஃபங்ஷனை (கோல்பேக்கை) ஸ்கிரிப்டால் நேரே கூப்பிட்டால், விரலே வைக்காமல் உள்ளே போகலாம். இதைத்தான் ஹூக் சோதனையில் முதலில் பார்க்க வேண்டும். சரியான கட்டமைப்பில், கணக்கைத் திறக்கும் டோக்கன், அன்ட்ரொய்டின் சாவிப் பெட்டகமான கீஸ்டோரில் உள்ள சாவி ஒன்றால் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். பயனர் உறுதிப்படுத்தாமல் அந்தச் சாவி இயங்காது, கோல்பேக்கைப் பொய்யாகக் கூப்பிட்டாலும் டோக்கன் வாசிக்க முடியாத பைட்டுகளாகவே கிடக்கும். ஐபோனிலும் இதே கதைதான்: வெறும் ஆம்/இல்லை கேட்டால் ஹூக் வெல்லும், ஐபோனின் சாவிப் பெட்டகமான கீசெயினுக்குள் உயிரளவை (விரல், முகம்) நிபந்தனையோடு வைத்தால் வெல்லாது. தாக்குபவர் கையில் போன் இருக்க வேண்டும் என்பதால் இதை நடுத்தர அபாயம் என்றே நாங்கள் மதிப்பிடுவோம். ஆனால் பார்க்காமலே பச்சைக் குறி போடுவது வேறு விடயம்.

மறுசோதனை கேட்டபோது, ‘உங்கள் செயலி எங்கள் கருவியைத் தடுக்கிறது, மேலதிக நாளுக்குக் கட்டணம்’ என்றார்கள். லொக்கை (கருவி ஓடும்போது எழுதிய பதிவை) அனுப்பச் சொல்லிப் பார்த்தால், கணினியில் ஃப்ரிடா 17, போனில் ஃப்ரிடா சேர்வர் 16. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அது மட்டுமல்ல, 2025 மே மாதம் வந்த 17ஆம் பதிப்பில், நூலகத்தின் பெயரைக் கொடுத்து ஃபங்ஷனின் முகவரியைத் தேடும் பழைய வழிகள் சில நீக்கப்பட்டன. அதனால் பழைய ஸ்கிரிப்ட் ‘அது ஃபங்ஷன் அல்ல’ என்ற பிழையோடு நின்றுவிடும். அந்தப் பிழையும் லொக்கில் அப்படியே கிடந்தது. அவர்களின் பதிப்புக் கோளாறுக்கு எங்களிடம் பில்.

கடைசியாக, ‘ஃப்ரிடா தடுப்பு’ என்று இன்னொரு ஒன்றரை இலட்சத்துக்கு ஒரு மொட்யூல். டெமோவில் ஃப்ரிடா சேர்வரை ஓட விட்டார்கள், செயலி மூடிக்கொண்டது. உள்ளே இருந்தது இரண்டே சோதனை: ஃப்ரிடா சேர்வர் வழமையாகப் பாவிக்கும் 27042ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, நினைவக வரைபடத்தில் ‘ஃப்ரிடா’ என்ற சொல் இருக்கிறதா. முதலாவது, சேர்வரை வேறு போர்ட்டில் தொடங்கினால் செல்லாது. இரண்டாவது, கோப்பின் பெயர் மாறினால் செல்லாது. ஏபிகேக்குள் ஃப்ரிடாவின் கேட்ஜெட் நூலகத்தைச் செருகி மீண்டும் கையொப்பமிட்டால் ரூட்டும் வேண்டாம், சேர்வரும் வேண்டாம். தடுப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது தாக்குபவரைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தன் கையில் உள்ள போனில் எவரும் எதையும் மாற்றலாம் என்று வைத்துக்கொண்டே சேர்வரை எழுத வேண்டும்.

இனி வேலை கொடுப்பவர்கள் கொட்டேஷனிலேயே எழுதிக் கேளுங்கள்: சோதித்த ஏபிகேயின் எஸ்எச்ஏ-256 பெறுமதி (எந்தக் கோப்பு என்று அடையாளம் காட்டுவது), போன் மொடல், அன்ட்ரொய்ட் பதிப்பு, கணினியிலும் போனிலும் ஓடிய ஃப்ரிடா பதிப்பு, பாவித்த ஸ்கிரிப்ட் கோப்புகள், நேரத்தோடு முழு லொக், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் மூலக் கோரிக்கையும் பதிலும். ஓவாஸ்ப் அமைப்பின் மொபைல் செயலிப் பாதுகாப்புத் தரமான எம்ஏஎஸ்விஎஸ் பிரிவுகளில் எவற்றைச் சோதித்தார்கள், எவற்றை விட்டார்கள் என்பதும் வேண்டும். நீங்கள் கொடுக்கும் பில்ட், பயனருக்குப் போகும் ரிலீஸ் பில்டாக இருக்கட்டும், ஏனென்றால் டெவலப்பர் பிழை தேடப் பாவிக்கும் டிபக் பில்டில் ‘லிப்ஆப்’ நூலகமே இருக்காது. சோதனைக் கணக்கு இரண்டு கொடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவர் மற்றவரின் தரவைப் பார்க்க முடியுமா என்று சோதிப்பது கடினம். இரண்டாவது கணக்கைக் கேட்காமலே வேலையைத் தொடங்குபவரைப் பற்றி யோசியுங்கள். எந்தச் செயலி, எந்தச் சேர்வர், எந்தத் திகதிகள் என்று எழுத்தில் அனுமதியும் கொடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் முன் அது இரு பக்கத்துக்கும் காவல்.

காசில் பாதியை, அவர்களின் ஸ்கிரிப்டை உங்கள் டெவலப்பர் தன் மேசையில் ஓட்டி அதே விளைவைக் கண்ட பிறகே விடுங்கள். எங்கள் பக்கத்தில் முழுக் காசும் அறிக்கை வந்த அன்றே போய்விட்டது. திருப்பிக் கேட்டு அனுப்பிய மூன்று மின்னஞ்சலுக்கும் இன்றுவரை பதில் இல்லை. அவர்களிடம் கொடுத்த சோதனைக் கணக்குகளை மூடி, ஏபிஐ சாவிகளை மாற்றியாயிற்று. இதே மாதிரி அறிக்கை உங்கள் கையில் இருந்தால், நீங்களும் அதை இன்றே செய்யுங்கள்.